டிஸ்சார்ஜ் சீட்டைப் படிப்பது எப்படி: மருந்தின் பெயர்களும் அது உடம்புக்குள் போகும் வழிகளும்

கேள்வி சுருக்கமாக இதுதான். நெஞ்சுவலிக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு பிபி, சுகர் இரண்டும் உண்டு. சீட்டில் இப்படி எழுதியிருக்கிறது: டேப் டெல்மா ஏஎம் 1-0-0, டேப் எக்கோஸ்பிரின் 75 0-1-0 பிசி, டேப் அட்டோர்வா 40 0-0-1 ஹெச்எஸ், டேப் பான் 40 1-0-0 ஏசி, டேப் சார்பிட்ரேட் 5 எஸ்எல் எஸ்ஓஎஸ், இன்ஜ் மிக்ஸ்டார்ட் 20-0-12 எஸ்சி. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த அட்டைகளிலோ டெல்மிசார்ட்டன், பான்டோப்ரசோல் என்று வேறு பெயர்கள். எதைப் பெயர் என்று எடுத்துக்கொள்வது, மற்ற எழுத்துகளுக்கெல்லாம் என்ன பொருள்?

பார்மசி மாணவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தரும் விஷயம்தான் இது. ஆனால் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் வீட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்வதில்லை. டேப் (மாத்திரை), இன்ஜ் (ஊசி) என்பவற்றை விட்டால் சீட்டில் முதலில் கண்ணில் படுவது கம்பெனி வைத்த பெயர். மருந்தைப் பற்றி அதுதான் ஆகக் குறைவாகச் சொல்லும். உள்ளே இருக்கும் சரக்கின் பெயர், அதன் அளவு, அது போகும் வழி ஆகிய மூன்றும் தெரிந்தால் சீட்டு புரிந்துவிடும்.

பெயரிலிருந்து தொடங்கலாம். ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர் என்று இருப்பதுபோல ஒரு மருந்துக்கு மூன்று பெயர்கள் உண்டு. முதலாவது வேதிப்பெயர். மூலக்கூறின் அமைப்பை அப்படியே விவரிப்பது, ஆய்வகத்தைத் தாண்டி யாருக்கும் தேவைப்படாது. இரண்டாவது ஜெனரிக் பெயர், அதாவது பொதுப்பெயர். பாராசிட்டமால் என்பது அப்படி. மூன்றாவது பிராண்ட் பெயர்: டோலோ, கால்பால், குரோசின். இலங்கையில் கேட்டால் பனடோல், அமெரிக்காவில் டைலினால். பெயர் எத்தனை இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றே.

பொதுப்பெயரை எந்தக் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறது. 1950-ல் தீர்மானம் போட்டு, 1953-ல் முதல் பட்டியலை வெளியிட்டது. அதற்கு முன்பு ஒரே மருந்தை நாட்டுக்கு ஒரு பெயரில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் மிச்சம் இன்னும் இருக்கிறது. நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டெரால். அட்ரினலின் அங்கே எபினெஃப்ரின். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் இந்த மூன்றையாவது தெரிந்துவைத்திருப்பது நல்லது. காய்ச்சலுக்கு ஊரிலிருந்து கொண்டுபோன டோலோவையும் போட்டு, மகள் வாங்கித்தந்த டைலினாலையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜெனரிக் பெயர் வேறு, 'ஜெனரிக் மருந்து' என்று கடைகளில் சொல்வது வேறு. பெயர் எல்லா மருந்துக்கும் உண்டு. ஜெனரிக் மருந்து என்பது, கண்டுபிடித்த கம்பெனியின் காப்புரிமை முடிந்தபிறகு மற்றவர்களும் தயாரித்து விற்கும் அதே மருந்து. அந்தக் கணக்கில் நம் ஊர்க் கடைகளில் பெரிய விளம்பரத்தோடு விற்கும் பிராண்டுகளில் பெரும்பாலானவையும் ஜெனரிக் மருந்துகள்தான். மேலே ஒரு வணிகப் பெயர் ஒட்டியிருக்கிறது, அவ்வளவே. ஜன் அவுஷதி கடையிலோ, 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ வாங்கும் அட்டையில் அந்த வணிகப் பெயர் இருக்காது, டெல்மிசார்ட்டன் என்று பொதுப்பெயரே பெரிதாக இருக்கும். 'இது டூப்ளிகேட்டா?' என்று சந்தேகப்படுகிறவர்கள் ஏமாறுவது பெயரில்தான். இலங்கையில் இந்த விவாதம் இன்னும் பழையது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியில் 1971-ல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்தது. பொதுப்பெயரில் மருந்து எழுதவேண்டும், மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

அட்டையில் பொதுப்பெயர் எங்கே இருக்கும்? ஒற்றை மருந்து உள்ள அட்டையில் பிராண்ட் பெயரைவிடப் பெரிய எழுத்தில் பொதுப்பெயர் இருக்க வேண்டும் என்று 2018-ல் விதியைத் திருத்தினார்கள். மூன்று அல்லது அதற்கு மேல் மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரைகளுக்கு அந்த விதி இல்லை. அதனால் அவற்றின் சின்ன எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படிக்கத்தான் வேண்டும். 'டெல்மிசார்ட்டன் மாத்திரைகள் ஐபி' என்பதில் வரும் ஐபி பெயரின் பகுதி அல்ல. இந்திய மருந்துத் தரநூலில் சொன்ன தரப்படி செய்தது என்று பொருள்.

பொதுப்பெயரின் அருமை அதன் வாலில் இருக்கிறது. ஒரே மாதிரி வேலை செய்யும் மருந்துகளுக்கு ஒரே ஈற்றைக் கொடுப்பது வழக்கம். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ஒல்மிசார்ட்டன் எல்லாம் சார்ட்டன் வீட்டுப் பிள்ளைகள், பிபிக்கானவை. எனலாப்ரில், ராமிப்ரில் என்று ப்ரில்-லில் முடிபவையும் பிபிக்குத்தான், ஆனால் வேறு குடும்பம். ப்ரில் போட்டுச் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். அப்போது டாக்டர் சார்ட்டனுக்கு மாற்றுவார். இந்த மாற்றத்தில்தான் சிக்கல் வருகிறது. பழைய டாக்டர் கொடுத்த ராமிப்ரில் வீட்டு டப்பாவில் இருக்கும், புது டாக்டர் டெல்மிசார்ட்டன் எழுதியிருப்பார், அப்பா இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார். இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகத்துக்கும் கேடு. பிராண்ட் பெயரை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

அட்டினோலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனோலால் என்று 'ஒலால்' வால் உள்ளவை இதயத்துடிப்பைக் குறைப்பவை. ஆஸ்துமாக்காரர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய குடும்பம் இது. மூச்சுக்குழாயை இறுக்கிவிடலாம், ப்ரோப்ரனோலால் குறிப்பாக. ஒற்றைத் தலைவலிக்கும் பதற்றத்துக்கும் கூட அதை எழுதுவதால், 'எனக்குத்தான் ஹார்ட் பிரச்சினை இல்லையே' என்று நோயாளி தன் ஆஸ்துமாவைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். டிபின் என்றால் அம்லோடிபின் வகை, கால்வீக்கம் வருவது இதில் சகஜம். ஸ்டாட்டின் கொழுப்புக்கு. ப்ரசோல் வயிற்று அமிலத்துக்கு, நாம் கேஸ் மாத்திரை என்கிறோமே அது. கிளிப்டின், கிளிஃப்ளோசின் சுகருக்கு. சிலின் என்று முடிந்தால் பென்சிலின் குடும்பம். பென்சிலின் அலர்ஜி உள்ளவர் வீட்டில் இந்த ஒரு வாலையாவது எல்லோரும் மனப்பாடம் செய்துவைக்க வேண்டும். அமாக்சிசிலின், ஆம்பிசிலின் இரண்டும் பென்சிலினின் உறவுக்காரர்களே.

வாலை மட்டும் நம்பியும் ஏமாறலாம். நிஸ்டாட்டின் கொழுப்பு மருந்தே அல்ல, வாய்ப்புண்ணில் வரும் பூஞ்சைக்கானது. அரிப்பிப்ரசோல் மனநோய்க்கு. வால் ஒரு துப்பு, அவ்வளவுதான். அதை வைத்து நாமே மருந்தை நிறுத்தவோ மாற்றவோ கூடாது. கேள்வி கேட்க அது போதும்.

பொதுப்பெயரோடு ஒட்டிவரும் உப்பின் பெயரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளத் தேவையில்லை. அம்லோடிபின் பெசிலேட் என்றிருந்தால் அம்லோடிபின்தான். மெட்டோப்ரோலால் ஒரு விலக்கு. சக்சினேட் என்றால் மெல்லக் கரைந்து நாளுக்கு ஒரு தடவை போடுவது, டார்ட்ரேட் என்றால் வழக்கமாக இரண்டு தடவை. கடையில் ஒன்றுக்கு மற்றொன்றைத் தந்தால் வாங்கக் கூடாது.

இப்போது பிராண்ட் பெயரின் பின்னால் தொங்கும் எழுத்துகள். வீடுகளில் நடக்கும் தவறுகளில் கணிசமானவை இங்கேதான். உங்கள் சீட்டில் இருப்பது டெல்மா ஏஎம். டெல்மா என்றால் டெல்மிசார்ட்டன் மட்டும். ஏஎம் சேர்ந்தால் கூட அம்லோடிபின். ஹெச் சேர்ந்தால் ஹைட்ரோகுளோரோதயசைடு, அதாவது சிறுநீரைக் கூட்டிப் பிபியைக் குறைக்கும் மருந்து. பையன் கடைக்குப் போய் 'டெல்மா 40 ஒரு அட்டை' என்று கேட்டால் அம்லோடிபின் இல்லாத மாத்திரை வந்துசேரும், பிபி ஏன் இறங்கவில்லை என்று பிறகு எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஏஎம் என்பதை 'காலையில்' என்று படித்தவர்களும் உண்டு. அதேபோல பான் 40 என்றால் பான்டோப்ரசோல் மட்டும். பான் டி என்றால் வாந்தியைக் கட்டுப்படுத்தும் டாம்பெரிடோன் கூட உண்டு. டாம்பெரிடோன் இதயத்துடிப்பின் தாளத்தைப் பாதிக்கக் கூடியது. இதய நோயாளிக்கு பான் எழுதியிருக்க, 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று பான் டி வாங்கிக்கொடுப்பது சரியல்ல.

எஸ்ஆர், ஈஆர், சிஆர், எக்ஸ்எல் என்பவையெல்லாம் மருந்தை மெதுவாக விடுவிக்கும் மாத்திரை என்பதைக் குறிக்கும். எம்ஆர் மட்டும் இரட்டை வேஷம் போடும். டயாமைக்ரான் எம்ஆர் என்ற சுகர் மாத்திரையில் அது மருந்து வெளியாகும் வேகத்தை மாற்றியமைத்திருப்பதைச் சொல்கிறது. ஃப்ளெக்ஸான் எம்ஆர் என்ற வலி மாத்திரையில் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து சேர்ந்திருப்பதைச் சொல்கிறது. டிடி என்றால் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. ஃபோர்ட், பிளஸ் ஆகியவற்றுக்கு நிலையான பொருள் எதுவும் கிடையாது, கம்பெனி வைத்ததுதான் சட்டம். இந்த எழுத்துகளுக்குப் பொதுவான ஒழுங்கு ஒன்றை இத்தனை வருஷமாக யாரும் கொண்டுவராதது என்னைக் கேட்டால் பெரிய குறை.

எண்ணும் அப்படியே. டோலோ 650-ல் 650 என்பது பாராசிட்டமாலின் மில்லிகிராம். ஆக்மென்டின் 625-ல் 625 என்பது இரண்டு மருந்தின் கூட்டுத்தொகை: அமாக்சிசிலின் 500, கிளாவுலனிக் அமிலம் 125. காம்பிஃப்ளாம் என்ற பெயரில் எண்ணே இல்லை, உள்ளே ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325. காய்ச்சலும் உடம்புவலியும் சளியும் சேர்ந்து வந்த ஒருவர் டோலோ 650 நாலு வேளை, காம்பிஃப்ளாம் மூணு வேளை, 500 மி.கி. பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரை மூணு வேளை போடுகிறார் என்று வையுங்கள். 2,600, 975, 1,500. மொத்தம் 5,075 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4,000-ஐத் தாண்டக் கூடாது. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அதுவே அதிகம். அவருக்கோ தான் மூன்று வெவ்வேறு மாத்திரை போட்டதாகத்தான் நினைப்பு.

குழந்தைகளின் பாராசிட்டமாலில் இன்னொரு ஆபத்து. சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி., இன்னொரு வகையில் 5 மி.லி.க்கு 250. சொட்டு மருந்து கைக்குழந்தைக்கு என்பதால் அது லேசானது என்று பலர் நம்புகிறார்கள். நேர்மாறு. அளவைக் குறைத்துக் கொடுப்பதற்காகவே அதை அடர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். சிரப் கொடுக்கும் கணக்கில் 5 மி.லி. சொட்டு மருந்தைக் கொடுத்தால் குழந்தைக்குள் 500 மி.கி. போய்விடும். டாக்டர் 'அஞ்சு எம்எல்' என்று சொன்னால், எந்தப் பாட்டிலிலிருந்து என்று கேளுங்கள்.

வேளைகளைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். 1-0-1 என்பதில் எண்கள் வரிசையாகக் காலை, மதியம், இரவு. ஓடி நாளுக்கு ஒரு முறை, பிடி இரண்டு, டிடிஎஸ் மூன்று, க்யூஐடி நான்கு. ஏசி சாப்பாட்டுக்கு முன், பிசி பின். ஹெச்எஸ் படுக்கும்போது. எஸ்ஓஎஸ் தேவைப்பட்டால் மட்டும். ஸ்டாட் உடனே. எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. கண் டாக்டர் எழுதும் ஓடி மட்டும் வலது கண் என்று அர்த்தம். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. அதைத் தினமும் போட்டு ரத்த அணுக்கள் குறைந்து உயிரே போனதுண்டு. அந்தச் சீட்டில் கிழமையின் பெயரை எழுதச் சொல்லி வாங்குங்கள்.

உங்கள் அப்பாவின் அட்டோர்வாவுக்கு ஹெச்எஸ் போட்டிருப்பது பழைய வழக்கம். முன்பு வந்த சிம்வாஸ்டாட்டின் போன்றவை உடம்பில் கொஞ்ச நேரமே இருக்கும் என்பதால் இரவில் கொடுத்தார்கள். அட்டோர்வாஸ்டாட்டின் நீண்ட நேரம் இருக்கும், எந்த வேளையும் சரிதான், ஆனால் இரவு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அம்லோடிபின் இன்னும் மெதுவான ஆசாமி. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். இதைத்தான் அரை ஆயுள் என்கிறோம். பாராசிட்டமாலுக்கு அது 2, 3 மணி நேரம்தான், அதனால்தான் காய்ச்சல் திரும்பி வருகிறது. ஒரு நாள் டெல்மா ஏஎம் விட்டுப்போனால் பதற வேண்டாம், மறுநாள் இரண்டாகவும் போட வேண்டாம்.

சரி, வழிக்கு வருவோம். மருந்து எந்த வழியில் உள்ளே போகிறது என்பதில் அதன் குணமே மாறலாம். மக்னீசியம் சல்ஃபேட்டை வாயால் குடித்தால் பேதி. பேதி உப்பு என்று நாட்டு மருந்துக்கடையில் கூடக் கிடைக்கும். அதையே ரத்தக்குழாயில் ஏற்றினால் பிரசவ காலத்தில் பிபி ஏறி வரும் வலிப்பை அடக்கும் உயிர்காக்கும் மருந்து. குடலில் இருக்கும்வரை அது ரத்தத்தில் அதிகம் சேராது, தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியே போகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

வாய்வழி போவது பழகிய வழி, மலிவும்கூட. ஆனால் விழுங்கிய மருந்து நேராக ரத்த ஓட்டத்தில் கலந்துவிடாது. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகும். சில மருந்துகளில் பெரும்பகுதியைக் கல்லீரல் அங்கேயே சிதைத்துவிடும். உங்கள் சீட்டில் சார்பிட்ரேட்டுக்கு எஸ்எல் என்று எழுதியிருப்பது அதனால்தான். எஸ்எல் என்றால் நாக்குக்கு அடியில். அங்கே இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் மருந்தை உறிஞ்சிக் கல்லீரல் வழியாகப் போகாமல் இதயத்துக்கு அனுப்பும். நெஞ்சுவலி வந்தால் அப்பா முதலில் உட்கார வேண்டும், நின்றுகொண்டு போட்டால் பிபி இறங்கி விழுந்துவிடலாம். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, மெல்லாமல், தண்ணீர் குடிக்காமல் கரையவிட வேண்டும். தலைவலி வந்தால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் வேலை. 5 நிமிடத்தில் வலி தணியவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை எடுத்துக்கொண்டவர் சார்பிட்ரேட் போடவே கூடாது, பிபி அபாயமாக இறங்கும். பிள்ளைகள் முன்னால் இதைக் கேட்க டாக்டர்களே தயங்குகிறார்கள், அப்பாக்களும் சொல்வதில்லை.

விழுங்கும் மாத்திரையிலும் எல்லாம் ஒரு ரகமல்ல. எக்கோஸ்பிரின், பான் இரண்டுக்கும் மேலே ஒரு பூச்சு உண்டு. எக்கோஸ்பிரின் பூச்சு வயிற்றை ஆஸ்பிரினிடமிருந்து காப்பதற்கு. பான் பூச்சு மருந்தை வயிற்று அமிலத்திடமிருந்து காப்பதற்கு. இரண்டையும் குடலில் கரைவதற்காகவே செய்திருக்கிறார்கள், பொடித்தால் பூச்சின் பயன் போயிற்று. எஸ்ஆர் மாத்திரையைப் பொடித்தால் இன்னும் மோசம், நாள் முழுக்க இறங்கவேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கும். மூக்கில் ட்யூப் போட்டிருக்கும் நோயாளிக்கு எல்லா மாத்திரையையும் சேர்த்து அம்மிக்கல்லில் நுணுக்கி ஏற்றும் வீடுகளில் இது தினமும் நடக்கிறது. எதைப் பொடிக்கலாம், எதற்குத் திரவமாக மாற்று உண்டு என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுவிட வேண்டும். போகிறபோக்கில் இதையும் சொல்கிறேன்: மெட்ஃபார்மின் எஸ்ஆர் போடுகிறவர்கள் மலத்தில் முழு மாத்திரை மாதிரி ஏதோ வருகிறது என்று பதறுவார்கள். அது மருந்து போனபின் மிஞ்சிய கூடு.

மூச்சோடு உள்ளே இழுக்கும் வழிக்கு நம் ஊரில் கெட்ட பெயர். 'பஃப் அடிச்சா பழகிடும், மாத்திரையே கொடுங்க' என்பார்கள். கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் மாத்திரை 2 அல்லது 4 மி.கி., இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். 4 மி.கி. மாத்திரை என்பது 40 பஃப்புக்குச் சமம். மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டு நுரையீரலுக்குப் போவதால் அவ்வளவு தேவைப்படுகிறது, கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான். பஃப் போகவேண்டிய இடத்துக்கே நேரே போகிறது. ரோட்டாகேப் என்ற கேப்ஸ்யூலைக் கருவியில் போட்டு உறிஞ்சாமல் தண்ணீர் விட்டு விழுங்கிவிட்டு, 'மருந்து கேக்கவே மாட்டேங்குது' என்று வருகிறவர்கள் இன்றும் உண்டு. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அப்படிச் செய்யாதவர்களுக்கு வரும் வாய்ப் பூஞ்சைக்குத்தான் மேலே சொன்ன நிஸ்டாட்டின்.

கண்ணில் விடும் சொட்டு கண்ணோடு நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்கு ஒரு வழி இருக்கிறது, அங்கிருந்து ரத்தத்துக்குப் போகும். கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டின் வாலைக் கவனியுங்கள், ஒலால் குடும்பம். ஆஸ்துமாக்காரருக்கு அந்தச் சொட்டே மூச்சை இறுக்கலாம். சொட்டு விட்டபின் கண்ணை மூடி, உள்மூலையை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். இரண்டு வகைச் சொட்டு இருந்தால் இடையில் 5 நிமிடம் விடுங்கள். காதுக்கான சொட்டைக் கண்ணில் விடவே கூடாது.

தோலில் பூசும் களிம்பு அந்த இடத்துக்கு. தோலில் ஒட்டும் பட்டை பெரும்பாலும் உடம்பு முழுமைக்கும். புற்றுநோய் வலிக்கான ஃபென்டனில் பட்டையின் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் மருந்து வேகமாக இறங்கி மூச்சு அடங்கிப்போகலாம். ஆசனவாயில் வைக்கும் மாத்திரை வாந்தி நிற்காத குழந்தைக்கு நல்ல வழி. நம் ஆட்கள் கூச்சப்பட்டே அதைத் தவிர்க்கிறார்கள்.

ஊசிக்கு வருவோம். நாம் 'நரம்பு ஊசி' என்று சொல்வது ஐவி. அது போவது நரம்பில் அல்ல, சிரை என்ற ரத்தக்குழாயில். ஐஎம் தசையில், எஸ்சி தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில், ஐடி தோலுக்குள்ளேயே. ஐவி உடனே வேலை செய்யும், தவறினால் திரும்ப எடுக்கவும் முடியாது. வாத இதயநோய்க்குப் போடும் பென்சாதீன் பென்சிலின் பால்போன்ற ஊசி, தசைக்கு மட்டுமே, சிரையில் போனால் உயிருக்கு ஆபத்து. வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து நேரெதிர். சிரைக்கு மட்டுமே. முதுகுத்தண்டு நீரில் போய்விட்டால் கிட்டத்தட்ட எப்போதும் மரணம்தான். கடுமையான அலர்ஜியில் அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போடுவார்கள், உடனே உறிஞ்சும் இடம் அது.

ஒரே ஊசிக்கு இரண்டு வழி சரியாக இருப்பதும் உண்டு. நாய்க்கடித் தடுப்பூசியைத் தசையில் போட்டால் முழுக் குப்பி, 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களில். தோலுக்குள் போட்டால் இரண்டு புஜத்திலும் 0.1 மி.லி., 0, 3, 7, 28 ஆகிய நாள்களில். அரசு மருத்துவமனைகளில் பார்ப்பது இரண்டாவது முறை. 'கவர்ன்மென்ட்ல கொஞ்சமாப் போடுறாங்க' என்று குறைபடுவதற்கு ஒன்றுமில்லை. தோலில் எதிர்ப்புச் செல்கள் அதிகம் இருப்பதால் அந்தச் சிறிய அளவே போதும். எந்த வழியானாலும் இடுப்பில் மட்டும் போடக் கூடாது.

குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால் தெம்பு வரும் என்ற நம்பிக்கையும் வழியைப் பற்றியதுதான். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மி.லி. பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. வாயால் குடிக்க முடிகிறவருக்கு ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரைவிட அது ஒன்றும் பெரிதாகச் செய்யாது. சுகர் உள்ள உங்கள் அப்பாவுக்கு அதைக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

கடைசி வரி, மிக்ஸ்டார்ட் 20-0-12 எஸ்சி. மாத்திரைக்கு எழுதும் அதே அமைப்பில் இருந்தாலும் இங்கே எண்கள் யூனிட்டைக் குறிக்கும்: காலை 20, இரவு 12, சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கு அடியில், தினமும் இடத்தைக் கொஞ்சம் மாற்றி. குத்திய இடத்திலேயே குத்தினால் அங்கே கொழுப்புக் கட்டி வந்து மருந்து சரியாக உறிஞ்சாது. கலங்கலான இன்சுலின் என்பதால் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. யூனிட் என்பதற்கு ஆங்கில யு எழுத்தை மட்டும் போட்டால் அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யமாகத் தெரிந்து 20 என்பது 200 ஆகிவிடும். சீட்டில் அப்படி இருந்தால் முழு வார்த்தையாக எழுதித்தரச் சொல்லுங்கள்.

சிரிஞ்ச் விஷயத்தில் அதிகக் கவனம் வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் வழக்கமாக மி.லி.க்கு 40 யூனிட், பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ் மி.லி.க்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதேபோல இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 8 யூனிட்தான், சுகர் இறங்காது. பேனா தீர்ந்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜில் சிவப்பு மூடி சிரிஞ்சைக் குத்தி 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும், அப்பா மயங்கி விழுவார். குப்பியின் லேபிளில் மி.லி.க்கு எத்தனை யூனிட் என்று பார்த்துவிட்டு, கடையில் வெறுமனே 'இன்சுலின் சிரிஞ்ச்' என்று கேட்காமல் '40 யூனிட் சிரிஞ்ச், சிவப்பு மூடி' என்றே கேட்டு வாங்குங்கள்.